அழிக்கச் சொன்ன படம்



சென்ற அரையாண்டு விடுமுறையில் அந்தமானுக்குச் சென்று ஏழு நாள் தங்கி வந்தோம். எம் மைத்துனர் அங்கே அபர்தீன் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். பத்தாண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார், மதரஸா ஆசிரியரின் வருவாய்க்கு விமானச் சீட்டு எட்டாது என்று நாமும் பத்தாண்டுகளாகத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தோம். இம்முறை அவரே சீட்டை எடுத்து அனுப்பிவிட்டதால் மறுக்க வழியில்லாமற் போயிற்று. நாம், துணைவியார், பதினான்கு வயது மகன், ஒன்பது வயது மகள், எழுபத்திரண்டு வயதான எம் உம்மா என ஐவர் புறப்பட்டோம்.

பயணக் கட்டுரை எழுதுவது எம் நோக்கமன்று. போகும்போது எம் தோளில் ஒரு கேமரா தொங்கியது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கேமரா எம்முடையதன்று. துபாயில் பணிபுரியும் எம் சகோதரியின் மகன் புதியது வாங்கிய பின், தன் பழைய கேனானை எம் மகனுக்குக் கொடுத்திருந்தான். புறப்படுவதற்கு இரு வாரங்களுக்கு முன் அதை நாம் கையில் எடுத்துப் பார்த்தோம். அதற்குப் பிறகு மகன் கைக்கு அது திரும்பிப் போகவில்லை.

உஸ்தாத் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரியலாமா என்று கேட்போர் உண்டு; கேட்க வேண்டியதுதான். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைக் முஹம்மத் பகீத் அல்முதீஈ அவர்கள், கேமராவால் எடுக்கும் படம் ஆகுமானதென்று தனி நூலே எழுதினார்கள். அது புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதன்று, விழுந்த நிழலைப் பிடித்து நிறுத்துவது மட்டுமே என்பது அவர்களின் வாதம். நம் துணைக்கண்டத்து உலமாக்களில் பலர் அதை ஏற்கவில்லை. எம் ஆசிரியப் பெருமக்களும் ஏற்கவில்லை. கடவுச்சீட்டு, ஹஜ் விண்ணப்பம் போன்ற தேவைகளுக்கு மட்டும் இடமளித்தார்கள். உயிரற்றவற்றைப் படமாக்குவதில் எவருக்கும் மறுப்பில்லை. உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரத்தையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் இருக்கிறது. எனவே பயணத்துக்கென ஒரு விதி வகுத்துக்கொண்டோம்: கடல், மரம், பாறை, வானம். ஆள் கூடாது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். கேமரா என்னும் சொல்லே அரபியிலிருந்து போனதுதான் என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றிவருகிறது. அது இலத்தீன் சொல். அறை என்று பொருள். இருட்டறைக்குள் சிறு துளை வழியே ஒளி நுழைவதை இப்னுல் ஹைஸம் ஆராய்ந்து எழுதியது உண்மை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் செய்த அந்த அரும்பணிக்குப் பொய்யான சொல்மூலம் ஒன்றைத் துணைக்கு அனுப்ப வேண்டிய தேவை நமக்கில்லை.

எம் விதியைக் கேட்ட மகன் சிரித்தான். “ஆளே இல்லாத கடல் படம் கூகுள்ல லட்சம் இருக்கு வாப்பா. அதுல நாம எங்க இருக்கோம்?” என்றான். அதற்கு அப்போது விடை சொல்லவில்லை.

போர்ட் பிளேருக்கு 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ஊரில் எல்லோரும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். தமிழகத்துக்கு வெகு கிழக்கே இருந்தும் கடிகாரம் மட்டும் நம்முடையதே என்பதால், அங்கே சூரியன் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பர் இறுதியில் மாலை ஐந்து மணியைச் சற்றுத் தாண்டியதுமே மக்ரிபு. முதல் நாள் செல்லுலார் சிறையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோதே பாங்கு கேட்டுத் திடுக்கிட்டோம். அந்தச் சிறை 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடிந்தது. நடுக்கோபுரத்திலிருந்து ஆரக்கால்கள் போல ஏழு கிளைகள் இருந்தன, இன்று மூன்றே நிற்கின்றன. அங்கே நாம் எடுத்த படங்களில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. கம்பிக்குப் பின் நின்று சிரித்தபடி தம்மைத் தாமே படமெடுத்துக்கொண்டோர் கூட்டத்தில் எமக்கு மனம் ஒட்டவில்லை.

மறுநாள் படகேறி ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். படம் எடுக்கும் கலையில் எம் முதல் பாடங்கள் எல்லாம் அங்கேதான், பெரும்பாலும் தவறுகள் வழியாக. குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை அப்படியே வெளியே கொண்டுபோனால், அந்த ஈரக்காற்றில் வில்லையின் மீது பனி படிந்து கால் மணி நேரம் ஒன்றும் தெரியாது. துணியால் துடைக்கத் துடைக்க மறுபடியும் படியும். பையிலேயே வைத்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு அதுவே பழகும்வரை காத்திருக்க வேண்டும். வெண்மணலை எடுத்தால் அது சாம்பல் நிறமாக விழுந்தது. கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரமான சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும், ஆகவே வெண்மையான இடத்தில் நாமாகவே ஒளியைக் கூட்டிவைக்க வேண்டும் என்று மருமகன் தொலைபேசியில் சொன்னான். உப்புக்காற்றுக்கு அஞ்சி ஒவ்வொரு மாலையும் துணைவியாரின் பழைய மல் துணியால் கேமராவைத் துடைத்தோம். “புதுசாப் பொறந்த பிள்ளையைக்கூட இப்படித் துடைச்சதில்லை” என்றார் அவர்.

மருமகன் சொன்ன இன்னொன்று எம்மை வியப்பில் ஆழ்த்தியது. “உச்சி வெயில்ல எடுக்காதீங்க மாமா. நிழல் ஆளைவிட நீளமான பிறகு எடுங்க” என்றான். ஒரு பொருளின் நிழல், உச்சிநேரத்து நிழல் நீங்கலாக, அதன் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் நுழைகிறது என்று இருபது ஆண்டுகளாக மதரஸா முற்றத்தில் குச்சி நட்டுச் சிறுவர்களுக்குக் காட்டி வருகிறோம். சூரியன் மறைந்த பின் வானத்தில் எஞ்சும் செம்மையும், அதற்குப் பின் எஞ்சும் வெண்மையும் பற்றி ஷஃபக் என்ற பாடத்தில் நடத்துகிறோம். மக்ரிபின் நேரம் செம்மையோடு முடிகிறதா வெண்மையோடு முடிகிறதா என்பதில் இமாம்களின் கருத்து வேறுபாட்டையும் சொல்கிறோம். படம் எடுப்போர் பொன்னொளி நேரம் என்றும் நீல நேரம் என்றும் எவற்றைச் சிறப்பித்துச் சொல்கிறார்களோ, அவை நாம் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே நேரங்கள்தாம். ஆனால் கரும்பலகையைப் பார்த்த அளவுக்கு நாம் வானத்தைப் பார்த்ததில்லை. செம்மை எப்போது நீங்கியது என்பதை எம் கண்ணால் முழுமையாகக் கண்டது நாற்பத்தாறு வயதில் ஹேவ்லாக்கில்தான். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ராதாநகர் கடற்கரை அத்தீவின் மேற்குப் புறத்தில் இருக்கிறது. உயர்ந்த மரங்களின் நிழலைக் கடந்தால் அகன்ற வெண்மணல். சூரியன் மறைவதைக் காணத் தீவுக்கு வந்தோரெல்லாம் அங்கே கூடிவிடுகிறார்கள். அன்று அஸரைத் தொழுதுவிட்டு எடுக்கத் தொடங்கியவர்கள் நிறுத்தவில்லை. அலை இழுத்த நீர் மணலில் கண்ணாடி போலப் படர்வதை எடுத்தோம். சிறு நண்டுகள் உருட்டிவைத்த மணல் உருண்டைகளை எடுத்தோம். மகள் ஒரு சிப்பியைக் கொண்டுவந்தாள். அங்கிருந்து சிப்பியோ பவளமோ எடுத்துச்செல்லக் கூடாது என்று சட்டம் இருப்பதால், படமெடுத்துக் காட்டிவிட்டு எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னோம். சூரியன் கடலைத் தொட்டது. மறைந்தது. அதற்குப் பின்னும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

“வக்து வந்திருச்சு, உம்மா ஒளூவோட காத்திருக்காங்க” என்று துணைவியார் வந்து சொன்ன பிறகே கேமராவைக் கீழே வைத்தோம். தொழுகை நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஒருவருக்கு, வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தும் தொழுகை நினைவுக்கு வரவில்லை.

அந்த மாதத்தில் சூரியன் மேற்கிலிருந்து தெற்கே விலகி மறைகிறது; கிப்லாவோ மேற்கிலிருந்து சற்று வடக்கே. ஆகவே சூரியன் போன இடம் எமக்கு இடப்புறம் இருந்தது. ஜமாஅத்தாகத் தொழுதோம். உம்மாவுக்கு முழங்கால் வலி. பின்வரிசையில் மணலில் உட்கார்ந்தே தொழுதார்கள். சலாம் கொடுத்துத் திரும்பியபோது, உம்மா வெள்ளைத் துப்பட்டியோடு கையேந்தி துஆ செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கவாட்டில், பத்தடி தூரத்தில், ஓர் இளைஞர் மண்டியிட்டுத் தம் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்.

எமக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து போய், யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று எமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டோம். அவர் நல்ல பிள்ளை. பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். தம் பாட்டியின் நினைவு வந்துவிட்டது என்றார். படத்தைத் திருப்பிக் காட்டினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். மூன்று நாளில் எடுத்த நானூற்றுச் சொச்சம் படங்களில் ஒன்றுகூட அதன் அருகே வைக்கத் தக்கதன்று. வானத்தின் செம்மை துப்பட்டியின் ஒரு விளிம்பில் மட்டும் படிந்திருந்தது. ஏந்திய கைகளின் சுருக்கங்கள் தெரிந்தன. கண்கள் மூடியிருந்தன. உதடு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

“அழித்துவிடுங்கள்” என்றோம். அவர் உடனே அழித்தார். அழித்த படங்கள் சேரும் இடத்துக்கும் போய், அங்கிருந்தும் நீக்கி, எம்மிடம் காட்டினார். நன்றி சொல்லித் திரும்பினோம்.

உம்மா தஸ்பீஹை முடித்துவிட்டு, “என்ன தம்பி, என்னையா எடுத்தாரு அந்தப் புள்ள?” என்று கேட்டார்கள்.

“ஆமா உம்மா. அழிக்கச் சொல்லிட்டேன்.”

“எனக்குக் காட்டலையே.”

அவ்வளவுதான் சொன்னார்கள். மகளின் தோளைப் பிடித்து மணலில் மெல்ல நடந்தார்கள். வண்டி நிற்கும் இடம் வந்ததும், யாரிடமும் சொல்வதுபோல் இல்லாமல், “உங்க வாப்பா படம் ஒண்ணு நடையில மாட்டியிருந்துச்சு” என்றார்கள்.

அந்தப் படத்தைப் பற்றி எம் வீட்டில் இருபத்து நான்கு ஆண்டுகளாக எவரும் பேசியதில்லை.

எம் வாப்பா பினாங்கில் சபுராளி. மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்து சில மாதங்கள் இருப்பார்கள். எமக்குப் பத்தொன்பது வயதானபோது அங்கேயே மவுத்தாகி அங்கேயே அடக்கமானார்கள். வீட்டில் அவர்களின் ஒரே படம், அவ்வூர் ஸ்டுடியோ ஒன்றில் தொப்பியும் கோட்டும் அணிந்து நாற்காலியில் அமர்ந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், நடைச் சுவரில் தொங்கியது. நாம் ஓதி முடித்துப் பட்டம் பெற்று இருபத்திரண்டு வயதில் ஊருக்குத் திரும்பினோம். உருவப்படம் உள்ள வீட்டில் மலக்குகள் நுழையமாட்டார்கள் என்ற நபிமொழியைக் கற்றுவந்திருந்தோம். ஒரு வியாழன் மாலை ஸ்டூலைப் போட்டு ஏறி, படத்தை இறக்கி, சட்டத்தைக் கழற்றி, அடுப்பில் வைத்தோம். உம்மா அடுப்படியில்தான் இருந்தார்கள். பால் பொங்கிவிடாமல் பாத்திரத்தைச் சற்று நகர்த்தினார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் ஒப்புக்கொண்டதாகவே நாம் எடுத்துக்கொண்டோம்.

சுவரில் உருவப்படம் மாட்டக்கூடாது என்பதில் எம் நிலை இன்றும் மாறவில்லை. ஆனால் இறக்கிய படத்தை ஒரு துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கலாம். உம்மாவிடம் கொடுத்து, உங்கள் விருப்பம் என்று சொல்லியிருக்கலாம். எம் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். கேட்கத் தோன்றவில்லை. வாப்பாவை நேரில் பார்த்த நாள்கள் மிகக் குறைவு என்பதால், அவர்கள் முகம் என்று எம் மனத்தில் இன்று இருப்பதும் அந்தப் படத்தின் முகமே. அதுவும் கறுப்பு வெள்ளையில்தான் இருக்கிறது.

போர்ட் பிளேருக்குத் திரும்பியதும் மைத்துனர் எம்மைச் சவுத் பாயிண்ட் பகுதிக்கு அழைத்துச் சென்றார். அல்லாமா ஃபழ்லே ஹக் கைராபாதி அவர்களின் அடக்கவிடம் அங்கே இருக்கிறது. 1857 எழுச்சியில் பங்குகொண்டதற்காக ஆயுள் தண்டனை பெற்று, 1859-இல் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டு, 1861-இல் இங்கேயே மறைந்தவர்கள். அவர்களின் தந்தை எழுதிய மிர்காத் என்னும் தர்க்க நூலை மாணவப் பருவத்தில் நாம் ஓதியிருக்கிறோம். பாதி புரியவில்லை என்பது வேறு கதை. மகனார் இத்தீவில் இருந்தபடி அரபியில் எழுச்சியின் வரலாற்றை எழுதினார்கள். வட இந்திய மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் இல்முஸ் ஸீகா என்ற சொல்லிலக்கண நூலும் இதே தீவில் கைதியாக இருந்த முஃப்தி இனாயத் அஹ்மத் அவர்கள் எழுதியதே. கடலைப் படமெடுக்க வந்த நாம், எம் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி இங்கே உருவானதை அறியாமலே வந்திருந்தோம். ஃபாத்திஹா ஓதினோம். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. காரணம் கேட்டால் தெளிவாகச் சொல்ல வராது; ராதாநகருக்குப் பிறகு கை கூசியது.

கூசிய கை இரண்டே நாளில் கூச்சத்தை மறந்தது. பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைக் காணப் புறப்பட்ட நாள் அது. ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு அப்பால் சாலை ஜாரவா மக்களின் வனத்துக்குள் போகிறது. குறித்த நேரங்களில் மட்டும், காவல்துறைத் துணையுடன், வண்டிகள் வரிசையாகச் செல்ல வேண்டும். நடுவில் நிறுத்தக்கூடாது, முந்தக்கூடாது, படம் எடுக்கவே கூடாது. நேரமாகிவிடும் என்று இருட்டிலேயே கிளம்பி, ஃபஜ்ரைச் சாவடியருகே தொழுதுவிட்டுக் காத்திருந்தோம். ஓட்டுநர் தமிழர், தாத்தா காலத்தில் வந்தவர்கள். எல்லோருடைய கைப்பேசியையும் உள்ளே வைக்கச் சொன்னார். “மாட்டுனா உங்களுக்கு மட்டும் இல்ல பாய், எனக்கும் ஜெயிலு” என்றார்.

இந்தத் தடைக்கு ஒரு வரலாறு உண்டு. 1890-களில் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி இத்தீவுகளின் பழங்குடியினரை நிற்கவைத்து, உடலை அளந்து, படமெடுத்துத் தொகுதி தொகுதியாக இலண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். ஜாரவாக்கள் வெளியாரோடு பகையின்றிப் பழகத் தொடங்கியது 1997-க்குப் பிறகே. இரண்டே ஆண்டில், 1999-இல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2012-இல், அவர்களை உணவு காட்டி ஆடச்சொல்லும் காணொளி ஒன்று உலகெங்கும் பரவிப் பெரும் கண்டனம் எழுந்தது. மொத்தமே சில நூறு பேர். அவர்களைக் காப்பதற்கென 1956-ஆம் ஆண்டே ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. படமெடுப்பது அதன்படி தண்டனைக்குரிய குற்றம்.

இதையெல்லாம் வண்டியில் மகனுக்கு விளக்கிக்கொண்டே வந்தோம். ஒரு வளைவில் சாலையோரம் மூவர் நின்றிருந்தார்கள். ஒருவர் குழந்தை. அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுத்தாலும் படம் எடுக்கலாம். வண்டி கடந்த நேரம் நான்கைந்து நொடிகள் இருக்கும். அந்த நொடிகளில் எம் வலக்கை மடிமேலிருந்த பையின் ஜிப்பைப் பாதி திறந்திருந்தது. கை அங்கே போனதை நாம் அறியவில்லை. பக்கத்தில் இருந்த உம்மாதான் பார்த்தார்கள். எம் கையின்மீது தம் கையை வைத்தார்கள்.

“அந்தப் புள்ளையாவது மன்னிப்புக் கேட்டாரு தம்பி” என்றார்கள், எமக்கு மட்டும் கேட்கும்படி.

குகைகள் நன்றாகத்தான் இருந்தன. சதுப்புநில மரங்களுக்கிடையே படகு போகும் கால்வாய் அதைவிட நன்றாக இருந்தது. எடுத்த படங்களில் அது மட்டும் ஓரளவு தேறியது.

ஊர் திரும்பியதும் உறவினர்கள் வந்திருந்தார்கள். மகன் படங்களைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினான். கடல், மறுபடியும் கடல், சாய்ந்த மரம், மணல், கடல். “மாஷா அல்லாஹ்” என்று முதல் இருபது படங்களுக்குச் சொன்னார்கள். பிறகு பேச்சு வேறு பக்கம் போயிற்று. “கடல்தான் நம்ம ஊர்லயும் இருக்கே” என்று உம்மா சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பாடும் முடிந்து, உம்மா நடையில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தபோது அருகே போய் அமர்ந்தோம். எதிர்ச்சுவரில் அந்த ஆணி இன்னும் இருக்கிறது; நாள்காட்டி மாட்டியிருக்கிறோம்.

“உம்மா, உங்களை ஒரு படம் எடுத்துக்கவா?” என்று கேட்டோம்.

உம்மா எம்மைச் சற்று நேரம் பார்த்தார்கள். “சுவத்துல மாட்டவா?”

“இல்லை. பெட்டியில வச்சுக்க.”

“யாரு எடுக்கறது? நீயா?”

“பேரன் எடுக்கட்டும். அவன்தான் நல்லா எடுப்பான்.”

“இரு, வேற துப்பட்டி போட்டுக்கிட்டு வர்றேன்” என்று சுவரைப் பிடித்து எழுந்தார்கள். பெருநாளுக்கு வாங்கிய துப்பட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று மருமகளைக் கேட்பது உள்ளிருந்து கேட்டது.

மகன் கேமராவை எடுத்துப் பார்த்துவிட்டு, மணி இரண்டரைதான் ஆகிறது, வெளிச்சம் இப்போது கடுமையாக இருக்கும், அஸருக்குப் பிறகு எடுப்போம் என்றான். உம்மாவிடம் அதைச் சொன்னோம். சரி என்றார்கள்; ஆனால் துப்பட்டியைக் கழற்றவில்லை. அஸர் பாங்கு வரை அப்படியே நடையில் உட்கார்ந்திருந்தார்கள்.